நான்கு கோடி இலக்கங்கள்

பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் யாரிடமும் நின்று பேசாமல் ஆம்ப்ரோஸ் வீட்டுக்கு ஓடிவந்தது கணினியைப் பார்க்கத்தான். பின்னாலேயே வந்த மகள் குளோரியா அவரைவிடப் படபடப்பாக இருந்தாள்.

கணினி சோதித்துக்கொண்டிருக்கும் அந்த எண் பகா எண் என்று வந்தால் இன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

பெங்களூரு பொம்மசந்திராவில் கூட வேலை பார்க்கும் ஸ்ரீஹர்ஷாவை அவள் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறாள். அவன் வீட்டுக்குள் முட்டைகூட வராது. ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாகக் கோயில் பாடகர் குழுவில் இருக்கும் குடும்பத்தில் இதை எப்படிச் சொல்வது? அம்மா போனபின் அப்பாவுக்கு இவளை விட்டால் யாருமில்லை. சந்தோஷமான நேரம் பார்த்துச் சொன்னால் தாங்கிக்கொள்வார்.

அந்தச் சந்தோஷத்தை எண்தான் தரவேண்டும். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், முடிவில் ஒன்றைக் கழித்தால் வரும் எண். நான்கு கோடிக்கு மேல் இலக்கங்கள். உலகம் முழுக்கக் கணக்குப் பைத்தியங்கள் ஆளுக்கொன்றாகப் பங்குபோட்டுக்கொண்டு இப்படிச் சோதிக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆம்ப்ரோஸின் பங்குக்கு வந்த எண், வாரக்கணக்கில் மின்சாரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

"ஆயித்து. பகா எண் இல்ல," என்றார்.

போச்சு. அப்படியானால் எதால் வகுபடுகிறது என்று குளோரியா பேச்சுக்குக் கேட்டுவைத்தாள்.

"அது தெரியாதும்மா. வகுபடும்னு மட்டும் நிச்சயம்."

அதெப்படி என்று அவள் சிரித்தேவிட்டாள்.

ஆம்ப்ரோஸ் ஏமாற்றமடைந்தவராகவே தெரியவில்லை. நல்ல கேள்வி கேட்டாய் என்பதுபோலத் திரும்பி உட்கார்ந்தார். வகுத்துப் பார்க்க ஆயுள் போதாது. அதனால் அந்த எண்ணை வைத்து வேறொரு கணக்குப் போடுவோம். பகா எண்ணாக இருந்தால் வந்தே தீரவேண்டிய விடை ஒன்று உண்டு. அது வராவிட்டால் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம், யார் என்றுதான் தெரியாது என்றார்.

எண்ணைப் போய் யாரோ என்கிறாரே என்று அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"நோன்பும் ஈஸ்டரும் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுது, குளோரி," என்றார் அதே குரலில். "வாராவாரம் போர்க் வறுவல் வைக்கிறேன். நீ டயட்னு சொல்லிட்டு வெறும் தயிர் சாதத்தோட எழுந்துடற. வரவேண்டிய விடை வரலியேம்மா."

இப்போதே பழகிக்கொள்ளலாம் என்று அவள் செய்த காரியம் அது. பயந்துகொண்டே அப்பாவின் முகத்தில் கோபத்தைத் தேடினாள். இல்லவே இல்லை. மனசு அப்படியே லேசானது. பெயரைச் சொன்னாள், அவன் வீட்டுச் சங்கதியையும் சொன்னாள்.

அன்றைக்கு முதல் தடவையாக ஆம்ப்ரோஸின் முகம் வாடியது.

"அந்தப் பையன் சாப்பிட வந்தா என்ன செய்யறது? சைவமா எனக்கு ஒண்ணும் சமைக்க வராதேம்மா," என்றார்.