எழுதாத தழும்பு

"தளபதியைக் கொன்னுடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்."

மனைவி நிஜமாகவே கும்பிட்டாள். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சரித்திர நாவலாசிரியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கதை என்னோடது. யார் இருக்கணும், யார் சாகணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

"மன்னரை வேணும்னா கொன்னுக்குங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

அங்கேதான் வலித்தது. அந்த மன்னனுக்காக நூலகம் நூலகமாக அலைந்து, கல்வெட்டுப் பிரதிகளை எழுத்துக் கூட்டிப் படித்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டு, தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி மாட்டிக்கொண்டவர் அவர். தளபதி யார்? மன்னனின் குதிரையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே என்று இரண்டாம் அத்தியாயத்தில் போகிற போக்கில் சேர்த்த பயல். வாரப் பத்திரிகையில் தொடர் வர ஆரம்பித்ததும், நெல்லுக்கு இறைத்த தண்ணீர் மொத்தமும் புல்லுக்குப் போய்விட்டது. மன்னனைச் சீந்த ஆளில்லை.

எல்லாம் அந்த ஓவியன் செய்த வேலை. "கட்டுமஸ்தான வீரன்" என்றுதான் அவர் எழுதியிருந்தார். ஓவியன் அவனுக்குச் சுருட்டை முடி, மோவாயில் ஒரு குழி, குறும்புச் சிரிப்பு என்று வாரி வழங்கிவிட்டு, போதாக்குறைக்கு இடது புருவத்தின் குறுக்கே ஒரு தழும்பையும் போட்டுவிட்டான்.

"நான் எழுதாத தழும்பை நீ எப்படிய்யா போடலாம்?" என்று போனில் சண்டை பிடித்தார்.

"அமைஞ்சுடுச்சு சார்" என்று சிரித்தான் அவன்.

அந்த வாரமே வாசகர்கள் பத்திரிகையைத் துளைத்து எடுத்துவிட்டார்கள். அந்தத் தழும்பு எப்படி வந்தது? யார் வெட்டினார்கள்? வேறு வழியில்லாமல், தளபதி புலியோடு கட்டிப் புரண்டதாக ஓர் அத்தியாயம் முழுக்க எழுதித் தொலைத்தார். தொடரிலேயே அதற்குத்தான் அதிகப் பாராட்டு வந்தது.

முடிதிருத்தகத்துக்குப் போனால் அங்கேயும் அவன்தான்.

"பசங்க எல்லாம் தளபதி மாதிரி புருவத்துல கோடு போடச் சொல்றாங்க சார். படம் வரையிறவரு பெரிய ஆளு!" என்ற முடிதிருத்துபவர், கத்திரியை நிறுத்திக் கேட்டார். "ஆமா, அந்தக் கதையை யாரு சார் எழுதுறது?"

வழுக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். நேற்று துணி அலமாரியைத் திறந்தால், கதவின் உள்பக்கம் முழுக்கத் தளபதி! வாரா வாரம் வந்த படங்களை மனைவி அழகாக வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவர் எழுதிய ஒரு புத்தகத்தையாவது தூசி தட்டி வைத்திருப்பாளா? பொறாமை என்றால் அப்படி ஒரு பொறாமை. காகிதத்தில் இருக்கிறவனைப் பார்த்து இந்த வயதில் வயிறெரிகிறோமே என்ற வெட்கமும் கூடச் சேர்ந்துகொண்டது.

"உனக்கு அவன் மேல அப்படி என்ன?" என்று இப்போது கேட்டேவிட்டார்.

"பிடிச்சிருக்கு. நீங்களும் அந்த முகத்தை ஒரு தடவை நல்லாப் பாருங்க. உங்களுக்கே பிடிச்சுப்போகும்."

"பார்த்த வரைக்கும் போதும், தாயே!"

அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். தளபதிக்குக் கௌரவமான ஒரு சாவைக்கூடக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. மதுக் கிண்ணத்தில் விஷம், தள்ளாடும்போது முதுகில் குத்து, விழுந்த இடம் அகழி, அகழியில் முதலை. எல்லாவற்றையும் ஒரே அத்தியாயத்தில் அடக்கி, பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு வெளியே வந்தார்.

"முடிச்சாச்சு. ஆளே இல்லை இனிமே" என்றார். மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்கு நன்றாகப் பசித்தது.

மறுநாள் மாலை ஓவியன் போனில் வந்தான். குரலில் சுரத்தே இல்லை.

"அச்சுக்குப் போயிடுச்சு சார். முதலை வாயில அவன் முகத்தை வரைய எனக்குக் கை வரலை. தலைப்பாகை மட்டும் தண்ணியில மிதக்குற மாதிரி போட்டுட்டேன். மேடம் கொடுத்த போட்டோவைத் திருப்பித் தரணும், எப்ப வரட்டும்?"

"எந்தப் போட்டோ?"

"அதைப் பார்த்துத்தானே சார் தளபதியை வரைஞ்சேன்? தொடர் ஆரம்பிக்கிறப்பவே கொடுத்தாங்க. தழும்பை மட்டும் விட்டுடாதீங்கன்னு சொன்னாங்களே... நீங்க அன்னிக்குச் சண்டை பிடிச்சதை விளையாட்டுன்னுல்ல நினைச்சேன், நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"யாரோட போட்டோ அது?"

ஓவியன் மென்று விழுங்கினான். "நானும் கேட்டேன் சார். கல்யாணத்துக்கு முன்னாடி மேடம் மனசைப் பறிகொடுத்த ஆளாம்..."

அப்படியானால் அது வெறும் காகிதம் இல்லை. ரத்தமும் சதையுமாக எவனோ ஒருத்தன் இருந்திருக்கிறான். அவனை அவர் கதையிலேயே, அவர் வீட்டு அலமாரியிலேயே குடிவைத்திருக்கிறாள்! போனைக் கட்டிலில் விட்டெறிந்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினார்.

"யாரு அவன்?" என்று கத்தினார். "கல்யாணத்துக்கு முன்னாடி உன் மனசைப் பறிச்சானாமே, அந்தத் தழும்புக்காரன் யாரு?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். அவருடைய கண்ணாடியைக் கழற்றி, அந்தத் தடித்த சட்டத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்த இடது புருவத்தின் மேல் விரலை வைத்தாள்.

"என்னைப் பார்க்குற அவசரத்துல சைக்கிள்ல பறந்து வந்து, எங்க வீட்டு மதில்ல முட்டிக்கிட்டவரு" என்றாள். "என்னிக்காவது நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னு வாரா வாரம் காத்துக்கிட்டிருந்தேன். அவரைப் போய் முதலைக்குப் போட்டுட்டீங்களே!"