வாஷ்பேசின் சத்தம்

அன்று குளியலறை வாசலில் நின்றவர்கள் நான்கே பேர். வீட்டுக்காரர், அவர் மனைவி, இளைய மகள், பிளம்பர். ஐந்தாவது ஆள் அங்கே இல்லை. இருந்ததாகச் சொல்பவர்கள் கதை கட்டுகிறார்கள்.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். நடையில் முதுகு வளையாது. அதனால் தெருவில் அவருக்கு 'ஸ்கேல் ஐயா' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

வாஷ்பேசின் ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது. யாரும் குழாயைத் திறக்காமலே, பசித்த வயிறு போல, களக் களக் என்று. ஞாயிற்றுக்கிழமை இளையவளைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கை கழுவ வருபவர்கள் முன்னால் இது வாயைத் திறக்கக் கூடாது.

பிளம்பர் பேசினுக்கு அடியில் வளைவுக் குழாயைக் கழற்றி முடியும் சோப்புக் கசடும் எடுத்தார். நீளக் கம்பி விட்டுப் பார்த்தார். அடைப்பு எதுவும் இல்லை.

"கோளாறு இங்க இல்லீங்க ஐயா. மேலருந்து தண்ணி இறங்கறப்ப குழாய்க்குக் காத்து வேணும். வேற வழியில்லாம உங்க பேசின் வழியா இழுக்குது. மொட்டைமாடியில ஒரு குழாய் சும்மா நிமிர்ந்து நிக்குமே, அதோட வாயை யாராச்சும் அடைச்சீங்களா?"

அடைத்தது அவர்தான். போன மாதம் வெள்ளையடித்தபோது, வருகிறவர்கள் கண்ணுக்கு அது அசிங்கமாகத் தெரியும் என்று நினைத்தார். தானே மேலே போய் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டு வந்தார்.

"அஞ்சு நிமிஷ வேலை. உடைச்சு விட்டுட்டு வந்துடறேன். சாவி குடுங்க."

மொட்டைமாடிக்கு மாடிவீட்டின் வழியாகத்தான் போக வேண்டும்.

"மாடி பூட்டிக் கெடக்கு. அங்க யாரும் இல்ல," என்றார் ஸ்கேல் ஐயா.

பிளம்பர் சிரித்துவிட்டார்.

"யாரும் இல்லன்னா தண்ணி எப்படிங்க இறங்குது? பேய் குளிக்குதா?"

அப்போது பேசின் கத்தியது.

ஒரு களக். சற்று இடைவெளி. இன்னொரு களக். மேலே யாரோ சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றிக்கொள்கிறார்கள் என்பது சின்னக் குழந்தைக்கும் புரியும்.

பிளம்பர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். மனைவி சோப்புப் பெட்டியைப் பார்த்தாள். இளையவள் அப்பாவைப் பார்த்தாள்.

மூத்தவள் கணவனோடு வெளிநாட்டில் இருப்பதாகத்தான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தது. நாற்பது நாள் முன்பு ஒரு விடியற்காலையில், ஒரே ஒரு பெட்டியோடு அவள் வந்து இறங்கியதை வீட்டார் தவிர யாரும் பார்க்கவில்லை. தங்கையின் கல்யாணம் முடியும் வரை மாடியில் இருக்கட்டும், விளக்குப் போட வேண்டாம், ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்றார் அப்பா. அவளும் சரி என்றாள். விளக்கும் போடவில்லை, ஜன்னலும் திறக்கவில்லை. குளிக்காதே என்று மட்டும் அவர் சொல்ல மறந்துவிட்டார்.

ஸ்கேல் ஐயா நேரே படிக்கட்டின் அடிக்குப் போனார். மாடியை வாடகைக்கு விட்டிருந்த காலத்தில், மேலே போகும் தண்ணீரை நிறுத்த அங்கே ஒரு வால்வு வைத்திருந்தார். குனிந்து அதைத் திருகினார். முழுசாக மூடியபின் இன்னும் கால் சுற்று அழுத்தினார்.

உள்ளே பேசின் இரண்டு முறை விக்கியது. பிறகு அடங்கிவிட்டது.

மனைவி அவர் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள்.

"அவ தலையில நுரை இருக்குங்க," என்றாள், ரகசியம் போல.

பிளம்பர் காதில் அது விழாமல் இல்லை. பையை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கூட சரியாக மாட்டாமல் கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வரை வால்வு திறக்கப்படவில்லை.

வந்தவர்களில் மாப்பிள்ளையின் சித்தி கை கழுவப் போனார். பேசின் மூச்சுக்கூட விடவில்லை. "வீட்டை என்ன நறுவிசா வச்சிருக்கீங்க!" என்றார். ஸ்கேல் ஐயாவின் முதுகு இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

சம்மதம் என்று சொல்லித் தேதி பேசத் தொடங்கிய நேரம், இளையவள் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரோடு கூடத்தின் நடுவே வந்தாள். தளும்பித் தரையெல்லாம் நனைந்தது.

"மாடியில எங்க அக்கா இருக்கா. தண்ணி குடுத்துட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

மூத்தவள் விஷயம் தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் காறித் துப்பாத குறையாக எழுந்து போனார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது.

அது பொய். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "இதுல என்னங்க இருக்கு, அவளையும் கீழ கூப்பிடுங்க," என்றுதான் மாப்பிள்ளையின் அம்மா சொன்னார்.

அக்காவை ஒளித்து வைத்துப் பேசிய கல்யாணம் வேண்டாம் என்றது இந்த வீட்டுப் பெண்தான், வெறும் வாளியோடு இறங்கி வந்த இளையவள்.