பழைய அளவு

“அன்னிக்கே சொல்றதுக்கு என்ன, வாய்க்குப் பூட்டா போட்டிருந்தீங்க?”

தையல்காரர் நர்ஸிடம் போட்ட சத்தத்தில், ஆஸ்பத்திரி அறைக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வயிறு தெரியத் தூக்கிப் பிடித்திருந்த தன் சட்டையை அவர் இறக்கவே இல்லை. பார்க்கட்டும்.

அவர் குடலில் இருந்த கட்டியை எடுத்துவிட்டு, குடலின் முனையை வயிற்றில் ஒரு சின்ன வாயாக வெளியே வைத்து, அதன்மேல் கழிவு சேரும் பையை ஒட்டி வீட்டுக்கு அனுப்பி ஆறு வாரம் ஆகிறது. அந்த வாயைச் சுற்றித் தோல் வெந்து, தீப்பட்ட மாதிரி சிவந்து கிடந்தது.

சற்று முன்புதான் நர்ஸ் குனிந்து பார்த்தார். வாய் சுருங்கியிருந்தது. பை ஒட்டும் தகட்டில் வெட்டிய துளை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. நடுவில் விட்ட இடைவெளியில் கழிவு இறங்கித் தோலை அரித்திருந்தது.

“வாராவாரம் அளந்து வெட்டணும் ஐயா. போகப்போக இது சின்னதாகும்.”

அதைக் கேட்டதும் தையல்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. முதல் நாளே அட்டையில் மாதிரி வெட்டி வைத்துக்கொண்டு, ஆறு வாரமாக மயிரிழை பிசகாமல் வெட்டிவந்தவர் அவர். போன வருஷ அளவிலேயே தைக்கச் சொல்லி வருகிறவர்களைக் கடையை விட்டு விரட்டுகிறவர். அவருக்கா அளவு தப்ப வேண்டும்?

முந்தாநாள் ஒரு வாடிக்கையாளருக்குக் கால்சட்டை நீளம் எடுக்க மண்டியிட்டிருந்தபோது பை ஒட்டு விட்டுக் கசிந்தது. அந்த மனிதர் மூக்கைப் பொத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மழை வரும்போல இருக்கிறதே என்றார்.

அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. அன்றைக்குப் பூட்டிய கடை இன்னும் திறக்கவில்லை.

“தப்பு என்னுதுதான் ஐயா,” என்றார் நர்ஸ். “நான் சொல்லாம விட்டுட்டேன்.”

“ஒத்துக்கிட்டா ஆச்சா? என் தோலு திரும்பி வந்துருமா?”

உள்ளே வருமுன் புகார்ப் படிவத்தைக் கொடுக்கும்போதே ஆஸ்பத்திரி குமாஸ்தா மெல்லச் சொல்லியிருந்தார்: அந்த நர்ஸ் வேலை நிரந்தரமாகாத பெண், ஒரு புகார் போனால் அடுத்த மாதம் இங்கே இருக்க மாட்டார். இல்லாமல் போகட்டும் என்றே தையல்காரர் பேனாவைத் திறந்தார்.

“விட்டுடுங்களேன்,” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி, கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே.

“நீ வாயத் தொறக்காத!”

ஆண்டவன் புண்ணியத்தில், தோலுக்குப் போடும் பொடி அந்த அறையில் இல்லை. நர்ஸ் எடுத்துவரப் போனார்.

படிவத்தில் அறுவை சிகிச்சை நடந்த தேதி கேட்டிருந்தது. மேஜைமேல் கிடந்த தன் ஃபைலை அவர் புரட்டினார். அதற்கு முந்தைய நாளின் தாள் கண்ணில் பட்டது.

பின்னால் வரக்கூடிய சிக்கல்கள் என்று ஒரு பட்டியல். கசிவு, தோல் புண், அடைப்பு, பக்கத்தில் புடைப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு குறி. ‘வாய் சுருங்கும், வாரம் ஒருமுறை அளக்கவும்’ என்பதன் அடியில் மட்டும் இரண்டு கோடுகள்.

கடைசியில் நர்ஸ் கையால் எழுதியிருந்தார்: ‘நோயாளி கோபப்பட்டார், பேச விடவில்லை. எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். நல்ல நேரம் பார்த்துத் தானே அவரிடம் சொல்வதாக மனைவி ஏற்றுக்கொண்டார்.’

அதற்குக் கீழே மனைவியின் கையெழுத்து.

தையல்காரர் அவள் பக்கம் திரும்பவில்லை. இந்த ஆறு வாரத்தில் வீட்டில் எது நல்ல நேரம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட அகப்படவில்லை.

கோபம் தணியவில்லை. அது திரும்ப வேண்டியது தன் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது.

பொடியோடு வந்த நர்ஸ், விரிந்து கிடந்த தாளைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

தையல்காரர் ஃபைலை மூடினார். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

“சிஸ்டர், அன்னிக்கு நீங்க சொல்லாம விட்டதையெல்லாம் இப்ப சொல்லுங்க,” என்றார், அதே கடுகடுத்த குரலில். “இவளும் மொத தடவையா கேட்டுக்கட்டும்.”