இடது பக்கம் ஒரு மில்லிமீட்டர்

“நாப்பத்தொரு மணி நேரம்! அதுக்குள்ள முந்நூத்திப் பன்னெண்டு பேரு கமென்ட்ல திட்டியிருக்காங்க. பாத்தியா பாய்?”

வைத்திலிங்கம் செல்போனை சுல்தானின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

இருவருக்கும் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்ட். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி மாடல் கார் செய்வதிலும் ஒரே பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் சுல்தான் வைத்திலிங்கத்தின் குவார்ட்டர்ஸில்தான் இருப்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இந்த வருடத்து மாடல்களை அறிவித்தது. ஆறு கார்கள். ஆறாவது, கான்டெஸா.

வைத்திலிங்கம் அதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டார். அவர் ஓட்டும் அதே கார், பெட்டிக்குள் வரப்போகிறது! ஆனால் மாதிரிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, சந்தோஷமெல்லாம் போய்விட்டது.

“பின்னாடி இடது மட்கார்டைப் பாரு. வலது பக்கத்தைவிட ஒரு மில்லிமீட்டர் உள்ள போயிருக்கு. இருபத்தினாலுல ஒரு பங்கு மாடல்ல ஒரு மில்லிமீட்டர்னா, நெசக் கார்ல ஒரு இஞ்ச்! கடவாப்பல்லு புடுங்கின கன்னமாட்டம் இருக்கு.”

சுல்தான் படத்தைப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

“விடு வைத்தி. பிளாஸ்டிக்குதான?”

“பிளாஸ்டிக்குதானவா? என் மாடல்ல வைப்பர் கோணலா இருக்குன்னு மூணு நாள் சிரிச்சிக்கினு திரிஞ்ச ஆளு நீ!”

சுல்தான் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

“இந்த மாடலை விடறதா, நிறுத்தறதான்னு இன்னிக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்குச் சொல்றாங்களாம். நான் லெட்டர் எழுதிட்டேன். இதை அளந்தவனை மொதல்ல வேலைய விட்டுத் தூக்குன்னு போட்டிருக்கேன். உன் பேரையும் சேத்துக்கறேன்.”

“என் பேரு வேணாம்.”

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்த இசைப்பிரியா நிமிர்ந்தாள். இயற்பியல் படித்தவள். சென்னையில் இருக்கும் ஒரு டிசைன் ஆபீசுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். ஐந்து மாதம் முடிந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் தாண்டினால் பர்மனென்ட்.

“அப்பா, அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துடுங்களேன். பாவம், அளந்தவங்களுக்கு வேலை போயிடும்.”

“போவட்டும்! காரை அளக்கச் சொன்னா, கண்ணை மூடிக்கினு அளந்திருக்கான்.”

பிரபாவதி சமையலறையிலிருந்து பையோடு வந்தாள். “ஏங்க, கார் சாவியக் குடுங்க. மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். லைசென்ஸ் எடுத்து மூணு வருஷமாச்சு, சும்மாவே கெடக்குது.”

“ஸ்கூட்டியில போ. பதினெட்டு வருஷத்துல என் வண்டியில ஒரு கீறல் விழுந்திருக்கா? உன் கையில குடுத்தா கேட்டைத் தாண்டறதுக்குள்ள இடிச்சிடுவ.”

சுல்தானுக்குப் புரையேறியது.

பிரபாவதி அவரிடம் தண்ணீரை நீட்டினாள். வைத்திலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை ஒருமுறை படித்தார். கட்டைவிரல் ‘அனுப்பு’ என்ற இடத்துக்குப் போனது.

“அனுப்பாதீங்கப்பா!” இசைப்பிரியா எழுந்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. “அளந்தது நான்தான்.”

வைத்திலிங்கம் கண்ணாடிக்கு மேலாக மகளைப் பார்த்தார்.

“எங்க ஆபீஸ்தான் அளந்து வரைஞ்சு குடுத்துச்சு. அறிவிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்க. பெட்டி வந்ததும் உங்க கையில குடுக்கலாம்னு இருந்தேன். இப்ப சாயந்திரம் மீட்டிங்ல என்னைத்தான் கேப்பாங்க.”

வைத்திலிங்கத்தின் முகம் வெளிறியது. கை தானாகக் கடைசி வரியை அழித்தது.

“நீ அளந்தா தப்பு வராதே பாப்பா...”

“தப்பா அளக்கலப்பா. மூணு தடவை அளந்தேன். மூணு தடவையும் இடது பக்கம் ஒரு இஞ்ச் கம்மியாத்தான் வந்துச்சு. ஆபீஸ்லயும் சந்தேகப்பட்டாங்க. அடிபடாத வண்டி, ஃபேக்டரியிலயே அப்படித்தான் வந்திருக்கும், வண்டிக்காரரே சொல்றாருன்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

“அப்ப அந்த வண்டிக்காரன்தான் ஃபிராடு!” வைத்திலிங்கம் மேஜையைத் தட்டினார். “எங்கியோ இடிச்சிட்டு, ஒட்டுப்போட்டு பெயின்ட் அடிச்சி மறைச்சிருக்கான். அவனை நம்பினதுக்கு என் பொண்ணு வேலை போவணுமா? பேரைச் சொல்லு. ‘நான் பொய் சொன்னேன், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல’ன்னு அவன் கையாலயே எழுதி வாங்கறேன்.”

இசைப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொல்லும்மா, யாரு அவன்?”

“நீங்க ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போயிருந்தப்ப, நம்ம ஷெட்லதான்ப்பா அளந்தேன்.”

வைத்திலிங்கம் ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தார். பிரபாவதி பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

சுல்தான் டீ டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, பேப்பரையும் பேனாவையும் நண்பர் பக்கம் நகர்த்தினார்.

“எழுதிடு வைத்தி, பொண்ணு வேலை முக்கியம். வடலூர் டிங்கர் அன்னிக்கே சொன்னான்ல, ‘ஒரு இஞ்ச் உள்ளதான் நிக்கும், யாரு சார் அளந்து பாக்கப் போறாங்க’ன்னு.”