மஸ்தான் பேரில் ஒரு பாட்டில்

காரிமங்கலம் சந்தையில் பூட்டு ரிப்பேர் செய்யும் மஸ்தானுக்கு ஒரு வருஷம் காசநோய் மாத்திரை தின்றும் இருமல் நிற்கவில்லை. எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று பார்க்க, சளியை மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும்.

“இன்னிக்கே எடுத்துக்கோங்க சார். மறுபடி வரத் தெம்பில்லீங்க,” என்றார் மஸ்தான்.

“பாட்டில் இல்லய்யா. அடுத்த மாசம் வா,” என்றார் ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் தீர்த்தகிரி. அலமாரி நிறைய பாட்டில் இருந்தது. அவருக்குத்தான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மஸ்தான் அந்த வாரமே செத்துப்போனார். மாசத்துக்கு இருபது பாட்டில் அனுப்பியாக வேண்டும், ஒன்று குறைந்தது. சாவுச் சேதி தெரிந்தும் தீர்த்தகிரி தானே ஒரு பாட்டிலில் காறித் துப்பி, மஸ்தான் பேரை ஒட்டி அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. கிருமி இருக்கிறது, எந்த மருந்துக்கும் சாகவில்லை.

நம்பாத தீர்த்தகிரி, மறுபடி தான் துப்பிய ஒரே சளியை இரண்டு பாட்டிலில் பிரித்து, ஒன்றில் மஸ்தான் பேரும் மற்றதில் தன் பேரும் ஒட்டி அனுப்பினார். இந்த முறை மஸ்தானுக்குக் கிருமி இல்லை. தீர்த்தகிரிக்கு இருந்தது. எந்த மருந்துக்கும் சாகவில்லை.

குணமானவர்களுக்குக் கார்டு போடுவது ஆபீஸ் வழக்கம். மஸ்தான் பேருக்கும் பியூன் போட்டுவிட்டான்.

புருஷன் செத்தால் வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாசம் பத்து நாள் இத்தாவை முடித்து வெளியே வந்த மஸ்தானின் மனைவி பரிதா, மறுவாரம் லேப் ஜன்னலில் ஒரு துணி முடிச்சை நீட்டினாள்.

“கார்டு வூட்டுக்கு வந்துச்சுங்க சார். அவரு படிச்சுட்டாருங்க. மீதி மாத்திரைய உங்களுக்குக் குடுத்துட்டு வரச் சொன்னாருங்க.”