மேல்பூச்சு

"கைய வச்சுப் பாருங்க அண்ணே. உங்கட வேலதானே இது?"

ரதீஸ் காட்டிய இடத்தில் நல்லரத்தினம் கையை வைத்தார். கராஜ் முற்றத்தில் நின்ற வானின் பொனட் வெயிலில் கொதித்துக் கிடந்தது. வெள்ளைப் பெயின்றுக்கு மேல் மினுக்கத்துக்காக அடித்த கிளியர், பொனட்டிலும் பக்கக் கதவிலும் திட்டுத் திட்டாக உரிந்து சுருண்டிருந்தது.

"ஓம் தம்பி. நான் அடிச்சதுதான்."

"அஞ்சாறு வருசம் நிக்கும் எண்டிங்க. ஒரு வருசம் ஆகல்ல."

ரதீஸ் ஆயுதக் குழுவொன்றின் முகாமுக்குப் பொறுப்பாளன். பிஸ்டலைச் சட்டைக்கு வெளியே தெரியும்படிதான் செருகியிருப்பான். இந்த வானும், துணைக்கு ஒருவன் ஓட்டிவந்த மோட்டார்சைக்கிளும் வந்து நின்ற உடனேயே எதிரே இருந்த தேத்தண்ணிக் கடை பலகை போட்டு மூடிவிட்டது.

"கள்ளக் கிளியர் அண்ணன். தண்ணியாக்கத் தின்னர அள்ளி ஊத்தியிருப்பான் கிழவன்" என்றான் வான் சாரதி சுபாகரன். வாவிக்கரைக் கொக்கட்டிச்சோலைப் பொடியன். முகாமுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவன், இப்போது மற்றவர்களைப் பிடிக்கப் போகும் வானை ஓட்டுகிறான். வந்ததிலிருந்து அவன் வாய் ஓயவில்லை.

"கள்ளக் கிளியர் எண்டா ரெண்டு சாத்துச் சாத்திப்போட்டு விட்டிருவன். பிரச்சின அது இல்ல" என்றான் ரதீஸ். குரல் இறங்கியிருந்தது. "கொஞ்ச நாளா நாங்க போற ஊரெல்லாம் ஆம்புளையள் இல்ல. கோப்பையில சோறு சுடச்சுடக் கிடக்கு, தின்ன ஆளில்ல. மட்டக்களப்பில எத்தின வெள்ளை வான் ஓடுது? வாறது இதுதான் எண்டு அவனுகளுக்கு எப்பிடித் தெரியும்? ஆரோ அடையாளம் வச்சிருக்கான்."

இந்த வானில் ஏற்றப்பட்டவர்களில் யாரும் வீடு திரும்பியதாக நல்லரத்தினம் கேள்விப்பட்டதில்லை.

"வெயில் தம்பி. உப்புக் காத்து வேற. கடக்கரையில நிண்ட சவுக்கெல்லாம் சுனாமியோட போயிற்று. இப்ப காத்து நேர வந்து அடிக்குது."

"வெயில் எண்டா முதல்ல கூரையத்தானே தின்னும்?"

ரதீஸ் கதவுப் படியில் ஏறி எட்டிப் பார்த்தான். இறங்கும்போது அவன் முகம் மாறியிருந்தது.

"கூரை கண்ணாடி மாதிரிக் கிடக்கு. வெயில் பொனட்டுக்கு மட்டுமா எறிக்குது?"

வான் உள்ளே வரும்போதே நல்லரத்தினமும் அதைக் கவனித்திருந்தார். ஒரே டின்னில் கலக்கி, ஒரே மூச்சில் அடித்த கிளியர். கூரையில் நிற்கிறது, பொனட்டில் உரிகிறது. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை. விளங்காததை எப்படிச் சொல்வது?

ரதீஸ் பக்கக் கதவை இழுத்துத் திறந்தான். இப்போது மரியாதையும் போய்விட்டது.

"ஏறு."

"தம்பி, நான் பிள்ளகுட்டிக்காரன்."

"ஏறு எண்டன்."

நல்லரத்தினம் ஒரு காலைப் படியில் வைத்தார்.

"அண்ணன்" என்றான் சுபாகரன். "வான நான் ஆத்துத் தண்ணியாலதான் கழுவுறன்."

"அதுக்கென்ன இப்ப? முகாம் கிணறு வத்திற்று, ஆத்தில கழுவு எண்டு நான்தானே சொன்னன்."

"ஓம் அண்ணன். இந்தா, இந்த ஆத்திலதான்."

கராஜுக்குப் பின்னால் விரிந்து கிடந்த வாவியை அவன் காட்டினான்.

ரதீஸ் கரடியனாற்றுக்காரன். அவன் ஊரில் ஆறு என்றால் குடிக்கிற தண்ணீர். வாவிக்கரையில் பிறந்தவர்களுக்கோ இந்த உப்பு வாவிதான் ஆறு.

"மடையா. நான் ஆத்தச் சொன்னன். இது கடல்ர வால்டா."

"எங்களுக்கு இதுதானே அண்ணன் ஆறு."

"அப்ப கூரை?"

"கூரைய ஆர் பாக்கிற? அதக் கழுவுறல்ல."

ரதீஸ் நல்லரத்தினத்தின் பக்கம் திரும்பினான். "இவன் சொல்லுறது சரியா?"

படியில் வைத்த காலை நல்லரத்தினம் இன்னும் எடுக்கவில்லை. "உப்புத் தண்ணி காஞ்சா மணல் மாதிரி தம்பி. அதுக்கு மேல சீலையப் போட்டுத் தேச்சா, கிளியர் உரியாம என்ன செய்யும்?"

அறை சுபாகரனின் வாயில் விழுந்தது. பொனட்டில் மோதி நிமிர்ந்தவனுக்கு இன்னொன்றும் விழுந்தது.

"நாளைக்கு வான் புதுசு மாதிரி நிக்கோணும். முடியும்வரைக்கும் நீ இஞ்சயே கிட, நாயே."

துணைக்கு வந்தவனின் மோட்டார்சைக்கிளில் ஏறி ரதீஸ் போனான். சத்தம் பாலத்தைத் தாண்டும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு நல்லரத்தினம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உப்புத் தண்ணியில கிளியர் மங்கும் தம்பி, இப்பிடித் திட்டுத் திட்டா உரியாது" என்றார். "ஆத்தில கழுவாமலே கழுவினன் எண்டு சொல்லி ஏன் அடி வாங்கின?"

சுபாகரன் உதட்டு இரத்தத்தைத் துடைத்து, ரோட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"பிரேக் ஓயில் மாமா, அது கிளியரத் தின்னிரும். சீலையில நனைச்சு நான்தான் ஒத்தி ஒத்தி வச்சன். ஊராக்கள் இதுக்குத் தேமல் வான் எண்டு பேர் வச்சிருக்காங்க, தூரத்தில தேமலக் கண்டாப் பொடியன்மார் வயலுக்குள்ள இறங்கி ஓடிருவாங்க. இனி நான் தொட்டா அவன் மணந்து பிடிச்சிருவான், இந்த முற நீங்களே உரியிற மாதிரி அடிச்சுத் தாங்க."