மஞ்சளுக்கு எதற்குத் துணை?

கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் இடம்பிடித்த மஞ்சளுக்கு, ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு மாத்திரை உறைக்குள் ஒடுங்கிக் கிடப்பது பெரிய அவமானமாக இருந்தது.

"என்னைத் தெரியாதவங்க யாரு? எனக்கு எதுக்குத் துணை?" என்று உறையிடம் சீறியது.

"இரைப்பைக்கு உங்களைத் தெரியாதுங்க. கண்டதும் உருத்தெரியாமப் பண்ணிடும். குடல் புண் வரைக்கும் பேசாம வாங்க" என்றது உறை.

நோயாளி மாத்திரையை விழுங்கினார். இரைப்பையின் அமிலம் பாய்ந்து வந்தது. உறை வெந்தது, மஞ்சள்மேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. புண்ணருகே உறை திறந்தது.

"இறங்குங்க."

மஞ்சள் கம்பீரமாக இறங்கி வேலையைப் பார்த்தது. வலி அடங்கியதும் நோயாளி, "மஞ்சள்னா மஞ்சள்தான்!" என்று வயிற்றைத் தடவிக்கொண்டார்.

மஞ்சளுக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியா தம்பி?" என்று உறையின் பக்கம் திரும்பியது.

மஞ்சளை இறக்கிவிட்ட கையோடு அது கரைந்து போயிருந்தது.